கிளிசரினில் இறங்காத கசப்பு

மூன்று வருஷம் நாலு மாசமாக, ஜெயஸ்ரீ காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை புருஷனின் உள்ளங்கையில் ஒரு மாத்திரை வைப்பது. அரிகிருஷ்ணன் அதை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். கன்னத்தில் ஒதுக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவள் பால் காய்ச்சப் போவாள். குடியை விட்டவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை அது. அது உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, போதும் போதும் என்றாகிவிடும். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டாக்டர் எழுதிக் கொடுத்தாராம்.

நான் எதிர் ஃபிளாட். சிட்லபாக்கத்தில் பன்னிரண்டு வீடு கொண்ட அப்பார்ட்மென்டின் இரண்டாவது மாடி. என் பெயர் அபிதகுஜாம்பாள். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிற பொறுமை யாருக்கும் இல்லாததால் எல்லோருக்கும் அபிதா அக்கா. தபால் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவள். மற்றவர் குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு வாசலுக்கும் நடுவே ஐந்து அடிதான். அங்கே டம்ளர் உருண்டால் இங்கே கேட்கும். அவர் குடித்த காலத்தில் உருண்டது டம்ளர் மட்டுமில்லை.

ஜெயஸ்ரீ சேலையூர்ப் பக்கம் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். இருபத்து நாலு வருஷமாக அதே வேலை, அதே லேப், அதே வெள்ளைக் கோட்டு. லேபில் இருந்த ஒழுங்கை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். கடுகு டப்பாவில்கூட டேப் ஒட்டித் தேதி எழுதியிருப்பாள். அரிகிருஷ்ணனுக்கு மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. குடித்துவிட்டுப் போனதற்காக ஒருமுறை சஸ்பெண்ட் செய்து, கெஞ்சி மன்றாடிய பிறகு, இதுதான் கடைசி வாய்ப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பச் சேர்த்தார்கள். ஜெயஸ்ரீயும் எழுதாத ஒரு கடிதம் கொடுத்திருந்தாள். இன்னொரு தடவை குடித்தால் ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் ஸ்ம்ருதியிடம் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்பது அது. சண்டை போட்டுச் சொல்லவில்லை. கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் அவர் பயந்தார்.

குடியை விட்டதும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. உள்ளங்கால் எரிகிறது என்று விடிய விடியப் புரளுவாராம். அவர் புரண்டால் இவளும் விழித்திருக்க வேண்டும். குடித்தபோது வாசலைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தாள், விட்ட பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு விழித்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை இறங்கிய அந்த முகத்தோடு காலையில் லிஃப்டில் பார்த்தால் எனக்கே கொட்டாவி வரும்.

அப்போதுதான் டிங்க்சர் செய்ய ஆரம்பித்தாள். டிங்க்சர் என்றால் நமக்குத் தெரிந்தது காயத்துக்குத் தடவுவது. இவள் செய்வது உள்ளே சாப்பிடுவதற்கு. மூலிகையை ஏதாவது ஒரு திரவத்தில் வாரக்கணக்காக ஊறப் போட்டு, சாரம் இறங்கியதும் வடிகட்டி, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைப்பாள். துளசி, அமுக்கராக் கிழங்கு, நன்னாரி என்று அலமாரி நிறைந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் மூன்று வரி இருக்கும். என்ன மூலிகை, எந்தக் கரைப்பான், என்றைக்குப் போட்டது.

"மூலிகையை யாரு வேணா வாங்கலாம், அக்கா. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் விஷயமே இருக்கு" என்பாள்.

அந்தத் தேர்வில்தான் அவளுக்கு வழியே இல்லாமல் இருந்தது. தண்ணீரில் போட்டால் இரண்டு நாளில் பூசணம். தேனில் போடலாம் என்றால் அரிகிருஷ்ணனுக்குச் சர்க்கரை நோய். வினிகர், அரிஷ்டம், இருமல் டானிக், ஷேவிங்குக்குப் பிறகு பூசுகிற லோஷன் எல்லாவற்றையும் அந்த மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரே ஒரு காகிதத்தில் எழுதி, கூடாது என்று கோடு போட்டிருந்தார். அரிஷ்டத்திலும் மது உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் மாமியார் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மாசம் புகட்டியிருக்கிறாள், ஆசாரமாக மடியோடு. மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், லிஃப்டில் பார்த்தபோது, மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் கிடைக்குமே என்று யோசனை சொன்னார். ஜெயஸ்ரீ அவரைப் பார்த்த பார்வையில் லிஃப்டே நின்றிருக்க வேண்டும். "சார், அது தோலுக்குப் பூசறது. உள்ள போனா கண்ணு போயிடும், உசிரும் போயிடும்" என்றாள். கடைசியில் மிஞ்சியது கிளிசரின். சாப்பாட்டுக்கு உகந்த தரத்தில் பார்த்து வரவழைத்து, முக்கால் பங்கு கிளிசரின், கால் பங்கு தண்ணீர் என்று கலந்து அதில்தான் எல்லாவற்றையும் ஊறப் போட்டாள்.

கிளிசரின் தித்திக்கும். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். துளசியும் நன்னாரியும் அதில் நன்றாகத்தான் இறங்கின. தூக்கம் மட்டும் வரவில்லை. பிறகு யாரோ காளானைப் பற்றிச் சொல்லி, ரெய்ஷி என்று ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். மரப்பட்டையைச் சீவியது போல இருந்தது. அதைச் சாப்பிட்டால் தூக்கம் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று வருஷமாகத் தூங்காதவள் எதையாவது நம்பித்தான் ஆக வேண்டும்.

கிளிசரினில் ஆறு வாரம் ஊறியும் ரெய்ஷியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இனிப்புதான் இருக்கு, அக்கா. கசப்பு இறங்கவே இல்ல. கசப்புலதான் மருந்து. அது ஆல்கஹாலுக்கு மட்டும்தான் மசியும். அப்புறம் அதே சக்கையைத் தண்ணில கொதிக்கவிட்டா மிச்சமும் வரும். ரெண்டு தடவை எடுக்கணும்."

"உங்காத்துக்காரருக்குக் கொடுக்கிற மருந்துல ஆல்கஹாலா? நெருப்போட விளையாடறே."

"எடுத்துட்டு அப்புறம் ஆவியாக்கிடுவேன். சாரம் நிக்கும், ஆல்கஹால் பறந்துடும். லேப்ல தினம் பண்றதுதானே."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஆல்கஹால் பாட்டில் அவள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அதில் அவள் கறாராக இருந்தாள். அப்படியானால் ஊறப் போடுவது எங்கே? என் வீட்டில். நான்தான் வாயைத் திறந்து சொன்னேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வாங்குவது யார் என்பது அடுத்த தலைவலி. கேம்ப் ரோடு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற துளசிங்கம் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அவனிடம் வோட்கா என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாக்கா, நீயா கேக்குற? வூட்ல யார்னா வந்துகீறாங்களா?"

"மருந்துக்குப்பா."

"அல்லாருமே மருந்துக்குதான்கா வாங்கறாங்கோ" என்றான் சிரிக்காமல். அரை பாட்டில் வாங்கி, வாழைப்பழச் சீப்புக்கு அடியில் வைத்துப் பையோடு கொண்டுவந்து கொடுத்தான். வாசனை இல்லாத, வேறெதுவும் கலக்காத சரக்கு வேண்டும் என்பதால் வோட்கா. பாட்டிலில் நாற்பத்திரண்டு புள்ளி எட்டு சதவீதம் என்று போட்டிருந்ததை ஜெயஸ்ரீ திருப்பித் திருப்பிப் பார்த்து, போதும் என்றாள்.

நாலு வாரம் என் துணி அலமாரியில், பட்டுப் புடவைகளுக்குப் பின்னால், அந்த ஜாடி இருந்தது. தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. குளித்து, விளக்கேற்றி, ஸ்லோகம் சொல்லி முடித்துவிட்டு வோட்கா ஜாடியைக் குலுக்குவேன். பகவானுக்கு என்மேல் என்ன அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கும் என்று தெரியவில்லை. ஜாடியில் இருந்தது மெல்லக் கறுத்துக்கொண்டே வந்தது.

ஏப்ரல் மாசம் ஒரு கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் கும்பகோணம் போனேன். அவள் காலேஜில் அப்போது பிராக்டிகல் பரீட்சை. காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடி நூற்றுக்கணக்கான பியூரெட்டுக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி நிரப்புகிற வேலை. அதை முடித்துவிட்டு வந்து, என் வீட்டுச் சாவியால் திறந்து, என் சமையலறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இண்டக்‌ஷன் அடுப்பில் வெந்நீருக்கு மேல் பாத்திரத்தை வைத்து ஆவியாக்கியிருக்கிறாள். நெருப்புப் படக் கூடாது என்பதில் கவனமாகத்தான் இருந்திருக்கிறாள். சக்கையைத் தனியாகக் கொதிக்கவிட்டு இரண்டையும் கலந்து, தித்திப்புக்குக் கொஞ்சம் கிளிசரின் ஊற்றி வடிகட்டினாள். நான் திரும்பி வந்தபோது சமையலறை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஜாடியும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சாவியைக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சுது, அக்கா" என்றாள். நிற்கக்கூடத் தெம்பில்லாமல் என் நிலைப்படியில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மாத்திரை கொடுத்து, நாக்கைப் பார்த்து, அதற்குப் பிறகு கால் டம்ளர் அந்த மருந்தைக் கொடுத்திருக்கிறாள். அரிகிருஷ்ணன் குடித்துவிட்டு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஆறே முக்காலுக்குக் கீழே இறங்கிப் போனார். பால்கனியிலிருந்து நான் பார்த்தேன். சட்டையை இன் பண்ணி, தலை வாரி, எப்போதும் போலத்தான் போனார்.

ஏழேகாலுக்கு ஜெயஸ்ரீ என் கதவைத் தட்டினாள். தட்டியதல்ல, அடித்தது. கையில் போன்.

"பஸ்ஸுல வாந்தி எடுத்து விழுந்துட்டாராம். மூஞ்சியெல்லாம் செவந்துடுச்சாம்" என்றாள். பிறகு, குரலே இல்லாமல், "குடிச்சிருக்காரு, அக்கா."

துளசிங்கத்தின் ஆட்டோவில் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்து நெரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நகராமல் நிற்க, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஆறுதலாக எதையோ ஆரம்பித்தேன். "வேண்டாம், அக்கா" என்றாள். நிறுத்திக்கொண்டேன்.

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி. அரிகிருஷ்ணன் கட்டிலில் கிடந்தார். முகமும் கழுத்தும் குங்குமச் சிவப்பு. கையில் சலைன். கூடவே கம்பெனி பஸ்ஸில் வந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்த ஏசுதாசன் நின்றிருந்தார். ஸ்டோர்ஸில் அவரோடு வேலை பார்ப்பவர். வாந்தி பட்ட சட்டையைக் கழுவிக்கொண்டு ஈரமாக நின்றார்.

"அண்ணி, பஸ் ஏறும்போது நல்லாத்தான் இருந்தாரு. வண்டலூர்கிட்ட போகும்போது..." என்று ஆரம்பித்தார். அவரும் முடிக்கவில்லை. அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் மாத்திரை விஷயம் தெரியும். மாத்திரைக்காரன் முகம் சிவந்தால் அதற்கு அர்த்தம் என்ன என்றும் தெரியும்.

ஜெயஸ்ரீ கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க குடிச்சீங்க?"

குடித்தீர்களா என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்டாள். அரிகிருஷ்ணன் கண்ணைத் திறந்தார்.

"இல்ல, ஜெயா."

"பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியிலயா? பையில வெச்சிருந்தீங்களா? மூணு வருஷம் நாலு மாசம். தினம் என் கையால குடுத்தேன். தினம் வாயைப் பார்த்தேன். எனக்கு வெட்கமா இருக்காதா, ஒரு மனுஷனோட வாயைத் தினம் திறந்து பார்க்க?" நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடைய மனைவி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். ஜெயஸ்ரீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "போதும்ங்க. எனக்கு முடியல."

"நான் குடிக்கல, ஜெயா" என்று அவர் இன்னொரு தடவை சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பவில்லை. மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் நின்றேன்.

அங்கேயே, வராண்டாவில் வைத்து, மகளுக்குப் போன் செய்தாள். "ஸ்ம்ருதி, எனக்கு டிக்கெட் போடு. நாளைக்குச் சாயந்தரம். ஆமா, ஒருத்திக்குத்தான். திரும்பி வர்றதுக்குப் போட வேணாம்." அவ்வளவுதான் பேசினாள். மூன்று வருஷமாகக் கைப்பிடியிலேயே வைத்திருந்த முடிவு, எடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி எங்களைக் கூப்பிட்டாள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, இப்போது ஏறுகிறது, பயமில்லை என்றாள். பிறகு கேள்வி கேட்டாள். இருமல் மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? அரிஷ்டம், லேகியம்? காலையில் என்னவெல்லாம் உள்ளே போனது?

"மாத்திரை. அப்புறம் நான் செஞ்ச மூலிகை மருந்து. காப்பி."

"மூலிகை மருந்து எதுல செஞ்சீங்க?"

"ஆல்கஹால்ல எடுத்தது. ஆனா முழுசா ஆவியாக்கிட்டேன், டாக்டர். நான் கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கேன்."

"முழுசாப் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வாசனை போற வரைக்கும் வெச்சிருந்தேன். கால் மணி நேரம் முகர்ந்து பார்த்தேன், ஒண்ணுமே இல்ல."

இரண்டாவது அலையில் கொரோனா வந்து போனதிலிருந்து ஜெயஸ்ரீக்கு மூக்கு சரியில்லை. முக்கால்வாசி வந்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவள் கொண்டுவந்து கொடுக்கிற ரசத்தில் பெருங்காயம் தூக்கி அடிக்கும். போன மாசம் அவர்கள் வீட்டில் பால் தீய்ந்து புகை வந்து, நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயஸ்ரீ, உனக்குத்தான் வாசனை தெரியாதேடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஜெயஸ்ரீயின் சாவியைக் கொடுத்துத் துளசிங்கத்தை அனுப்பி, அவள் வீட்டிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன். என் கையில் கொடுத்தபோது மூடியைத் திறந்தேன். காளானின் மண் வாடை முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே மற்றது வந்து மூக்கில் ஏறியது. டாக்டர் பெண்ணும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். துளசிங்கம் வாசலில் நின்றபடியே, "மருந்து ஸ்ட்ராங்காத்தான்கீது" என்று முணுமுணுத்தான். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஜெயஸ்ரீ வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அளவைப் பார்த்திருக்கணும், அக்கா" என்றாள். "ஊத்தினது முந்நூறு மில்லி. பாதிக்குக் கீழ குறைஞ்சிருந்தாத்தான் போயிருக்கும்னு ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனுக்குத் தெரியும். நான் அளக்கவே இல்ல. கால் வலிச்சுது. எப்படா முடியும்னு இருந்துது. மூக்கை வெச்சுப் பார்த்துட்டு இறக்கிட்டேன்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினது சரி, விழுந்தது வேறொருத்தர் அல்லவா? அதோடு அவரைப் பார்த்து எல்லார் எதிரிலும் கேட்ட கேள்வி இருந்தது. அதை எந்தக் கரைப்பானில் போட்டுக் கரைப்பது?

டாக்டர் பெண் நல்லவள். வீட்டில் செய்த மருந்தில் மிஞ்சியிருந்த ஆல்கஹாலால் வந்த விளைவு, நோயாளி குடிக்கவில்லை என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஜெயஸ்ரீயிடம், மாத்திரை சாப்பிடுகிற வரைக்கும் வீட்டு மருந்து எதுவுமே வேண்டாம், தூக்கத்துக்கு நாங்கள் பார்த்துக் கொடுக்கிறோம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஏசுதாசன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "நான் இன்னிக்கே ஹெச்.ஆர்.ல குடுத்துட்றேன், அண்ணி. பஸ்ல இருந்த அத்தினி பேருக்கும் நானே சொல்லிட்றேன்" என்று கிளம்பினார். மாலை நாலு மணிக்கு அரிகிருஷ்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் கதவைத் திறக்கப் போனேன். ஜெயஸ்ரீ என் கையைப் பிடித்தாள்.

"நீங்களும் வாங்க, அக்கா. உங்க எதிர்லதானே கேட்டேன். உங்க எதிர்லயே சொல்லணும்."

போனேன். அரிகிருஷ்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். முகத்தில் சிவப்பு வடிந்து இப்போது சாம்பல் பூத்துக் கிடந்தது. ஜெயஸ்ரீ அவருக்கு எதிரே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு என்மேலதான். நான்தான் சரியா ஆவியாக்கல. என் மூக்கை நம்பினேன், உங்களை நம்பல. அத்தனை பேர் முன்னாடி கேட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

இருபத்தாறு வருஷம் அந்த ஆளுக்காக மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டவள். கம்பெனியில், பக்கத்து வீட்டில், ஒருமுறை என்னிடமும். இன்று அவரிடமே கேட்டாள். இத்தோடு முடிந்தது, மனுஷன் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வார், நான் போய்க் காலை நீட்டலாம் என்று நினைத்தேன்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வாயில வெச்சதுமே தெரிஞ்சுது, ஜெயா."

"என்ன தெரிஞ்சுது?"

"அது இருக்குன்னு. காளான் கசப்புக்கு அடியில இருந்துது. எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியலைன்னும் புரிஞ்சுது." எச்சிலை விழுங்கினார். "துப்பியிருக்கலாம். இதுல இருக்குதுன்னு உன்கிட்ட சொல்லியிருக்கலாம். நீ அந்தப் பக்கம் திரும்பி டிபன் கட்டிக்கிட்டு இருந்தே. முழுசாக் குடிச்சேன். அப்புறம் டம்ளர்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, அலசி, அதையும் குடிச்சேன்."

ஜெயஸ்ரீ நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"மாத்திரை உள்ள இருக்குன்னு தெரியும். என்ன ஆகும்னும் தெரியும். ஆகட்டும்னு தோணுச்சு. அவ்ளோ நல்லா இருந்துது, ஜெயா. கால் டம்ளர்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதனால நீ என்கிட்ட மன்னிப்பு கேக்காத. ஆஸ்பத்திரில நான் இல்லன்னு சொன்னது பாதிதான் நெசம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யார் ஐயா உம்மைக் கேட்டார்கள்? டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று, கம்பெனி நம்பியாயிற்று, பெண்டாட்டி தலைகுனிந்து நிற்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வாழ்நாள் பூராவும் நல்ல பெயர். சும்மா போகிற சனியனைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். நாளைக்குச் சாயந்தரம் டிக்கெட் போட்டாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அதுவும் தெரியாது.

ஜெயஸ்ரீ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண் காய்ந்துதான் இருந்தது.

"அக்கா" என்றாள். அவரிடம் இல்லை, என்னிடம். "இவரு குடிச்ச காலம் பூரா, ஒரு நாள் கூட இவரா வந்து சொன்னதில்ல. வாயை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிச்சேன். பையைத் துழாவிக் கண்டுபிடிச்சேன். பாத்ரூம் தொட்டிக்குள்ள கையை விட்டுக் கண்டுபிடிச்சேன். கண்டுபிடிச்ச பிறகும் இல்லன்னுதான் சொல்வாரு. இப்ப மூக்கும் போயிடுச்சு. இனிமே நான் எதைக் கண்டுபிடிக்கப் போறேன்?"

அரிகிருஷ்ணன் தலையைத் தூக்கவில்லை.

"கேக்காம சொன்னது இதுதான் முதல் தடவை" என்றாள்.

பிறகு மேஜைமேல் கிடந்த தன் போனை என் பக்கம் தள்ளினாள்.

"ஸ்ம்ருதிக்கு நீங்களே பேசி, டிக்கெட் வேணாம்னு சொல்லிடுங்க, அக்கா. எனக்குப் பேசத் தெம்பில்ல."